டிரைவர் தவிர பதினேழு பேர்

மண்ணச்சநல்லூரைத் தாண்டியதும் காத்தான் பாட்டை நிறுத்திவிடுவார். பின்னால் இருப்பவர்கள் என்னவோ ஏதோ என்று நிமிரும்போது, கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி தொடங்குவார்.

"உள்ள போனதும் மூங்கில் காடுங்க. அதைத் தாண்டுனா அருவி, நாப்பது அடி இருக்கும். அருவிக்கு மேல பாறையில ஒரு பாதம் பதிஞ்சிருக்கு. முனிவர் பாதம். எந்தக் கோடையிலயும் அதுல தண்ணி வத்தாது."

காத்தானுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு திருவானைக்கோவிலில். ஸ்ரீரங்கத்தில் பீமராவ் நடத்தும் டிராவல்ஸில் பத்தொன்பது வருடமாக வேன் ஓட்டுகிறார். ரங்கநாதரைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், தில்லை நகர் டாக்டர் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரையும் துறையூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் சரணாலயத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். முந்நூறு தடவைக்குக் குறையாது. "காத்தான் வண்டியா அனுப்புங்க சார், காட்டைப் பத்தி நல்லா சொல்லுவாரு" என்று பீமராவிடம் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. மற்ற டிரைவர்களைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அந்த முந்நூறு தடவையில் ஒரு தடவைகூடக் காத்தான் சரணாலயத்துக்குள் போனதில்லை.

வாசலில் டிக்கெட் எழுதுபவர் வனக் காவலர் பாலு. வண்டி வந்து நின்றால் அவர் கேட்பது ஒன்றுதான்: "டிரைவர் தவிர எத்தனை பேர்?" அதற்குள் காத்தான் வண்டியைப் புளியமரத்து நிழலுக்குக் கொண்டு போயிருப்பார். கண்ணாடி துடைப்பார், சாப்பிடுவார், சீட்டைச் சாய்த்துப் படுப்பார். நாலு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் வழி நெடுகப் பேசுவார்கள். அவர் காடு அந்தப் பேச்சிலிருந்து வந்தது. அருவி முதலில் பத்தடிதான் இருந்தது. பேசியவர்களின் உற்சாகத்தில் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. கரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், பாறையில் பாதம் மாதிரி ஒரு குழி இருந்தது என்று யாரிடமோ போனில் சொன்னார். முனிவரைக் காத்தான் சேர்த்தார். வெறும் குழி என்றபோது வண்டியில் ஒருவரும் நிமிரவில்லை. முனிவர் வந்த பிறகு கைகூப்பினார்கள்.

ஒரு மனிதனை வாசலிலேயே நிறுத்திவைத்தால் அவன் உள்ளே இருப்பதைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் செய்வான். புராணங்கள் பலவும் இப்படிப்பட்ட புளியமரத்தடிகளில் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

போன பிப்ரவரியில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பதினேழு பேர் அவர் வண்டியில் வந்தார்கள். முன் சீட்டில் டோரதி டீச்சர், பாலக்கரைக்காரர், முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவர். காத்தான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். துறையூரில் டீ குடிக்க இறங்கியபோது ஆனந்தவள்ளி டீச்சர் பக்கத்துக் கடையில் ஒரு சூடப் பாக்கெட் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். காத்தான் அதைப் பார்த்தார். தன் பேச்சு எடுபட்டதில் அவருக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்.

வாசலில் பாலு கேட்டார். "டிரைவர் தவிர எத்தனை பேர்?"

"அவரையும் சேத்துப் பதினெட்டு" என்றார் டோரதி.

காத்தான் பதறிப் போனார். "எனக்கு எதுக்குங்க டீச்சர்? வண்டிய யாரு பாக்குறது?"

"வண்டிய யானையா தூக்கிட்டுப் போகப் போகுது? பூட்டிட்டு வாங்க."

"டிரைவருங்கள உள்ள விடுறதில்ல மேடம்" என்றார் பாலு.

"அப்படி எங்க எழுதியிருக்கு?"

பாலு பக்கத்திலிருந்த பலகையைக் காட்டினார். பிளாஸ்டிக் கூடாது, தீ மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது. மொத்தம் ஒன்பது வரி. டோரதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பதையும் சத்தமாக வாசித்தார். எதிலும் டிரைவர் இல்லை. அந்தப் பலகை காத்தானுக்கு மனப்பாடம், அதன் எதிரில்தான் பத்தொன்பது வருடமாகச் சாப்பிட்டுவந்தார். அதில் இல்லாத வரி ஒன்றுக்குத்தான் இத்தனை நாள் கட்டுப்பட்டிருந்தார். அவருடைய அப்பா ஊரில் எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நின்றவர். நிற்க வேண்டிய இடம் எது என்று காத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"வழக்கமா விடுறதில்ல…" என்று இழுத்துவிட்டு, பாலு பதினெட்டு என்று எழுதினார்.

காத்தான் பூட்டிய வண்டிக் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளே போக ஆசையில்லாதவர் அல்ல. ஆனால் தான் சொன்னது அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு அவரிடம் இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

கூட்டம் குறைந்த நாளில் வழிகாட்டுவதும் பாலுதான். மூங்கில் ஓரிடத்தில் ஒரு புதர், அவ்வளவுதான். காடு முழுக்க உசில் மரமும் வெப்பாலை மரமும், இலை உதிர்ந்து வெயில் தரைவரை இறங்கியது. மலை அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியபோது எல்லோருக்கும் முன்னால் காத்தான்தான் பார்த்தார். கைநீட்டிக் காட்டவந்தவர், அதன் பெயர் தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார். அருவி என்பது இடுப்பு உயரப் பாறையிலிருந்து வழியும் ஓடை.

"நாப்பது அடின்னீங்க?" என்றார் டோரதி.

"மழைக் காலத்துல…" என்று தொடங்கிய காத்தான் பாறையை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பாறையே அவர் உயரம் இல்லை.

மேலே குழி இருந்தது. குழியைச் சுற்றி மஞ்சள், குங்குமம், காய்ந்த செவ்வந்தி, சூடம் எரிந்த கரி. குழிக்குள் தண்ணீர் இல்லை, ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தது. பக்கத்துச் சரிவு கருகிக் கிடந்தது.

"போன சித்திரையில பத்திக்கிச்சு" என்றார் பாலு. "சூடத்த ஏத்தி வச்சுட்டுப் போயிருக்காங்க. ரெண்டு நாள் அணைச்சோம். ஒரு தேவாங்கு கருகிக் கெடந்துச்சு, கையில எடுத்தா ஒரு தேங்கா எடை இல்ல. இங்க முனிவர் பாதம்னு எவனோ ஒரு டிரைவர் கெளப்பி விட்டதாம். ஆளு மட்டும் கையில சிக்கட்டும்."

ஆனந்தவள்ளி டீச்சர் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார். "ஒரே ஒரு வில்லைதான் தம்பி. ஏத்திக் கும்பிட்டுட்டு நானே அணைச்சிடுறேன்."

"அம்மா, இப்பத்தானே சொன்னேன்!"

"அதுக்காக முனிவர் பாதத்துக்கு வந்துட்டுச் சும்மா போறதா? நம்ம டிரைவரே சொன்னாரே."

எல்லோரும் காத்தானைப் பார்த்தார்கள். பாலுவும் பார்த்தார். டோரதி மட்டும் கருகிய சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க டீச்சர்" என்றார் காத்தான். "முனிவர் நான் சேத்தது."

"என்னது?"

"குழின்னு ஒருத்தங்க சொன்னாங்க. முனிவர நான் சேத்தேன். அருவிக்கு நாப்பது அடியும் நானாச் சொன்னதுதான். நான் இன்னைக்குத்தான் உள்ள வர்றேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனந்தவள்ளி கைப்பையை மூடினார்.

"யோவ், நீதானா அது?" என்றார் பாலு. "இத்தனை வருஷமா வர்றியே, ஒரு தடவை உள்ள வந்து பாத்திருக்கக் கூடாதா?"

"நீங்கதான விடல."

"நீ கேட்டியா?"

"டிரைவர் தவிரன்னுதான நீங்க கேப்பீங்க."

பாலு குழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளத்தில் கூழாங்கல் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பாறையை அரைத்ததால் வந்த குழி அது என்று டோரதி விளக்கினார். இரண்டு பேர்தான் கேட்டார்கள், அவர்களில் ஒருவர் காத்தான். மற்றவர்கள் இறங்கத் தொடங்கியபோது காத்தான் தன் தோளில் கிடந்த, வண்டி துடைக்கும் துணியை எடுத்து, ஓடையில் நனைத்து, குங்குமத்தைத் துடைத்தார். பாலு ஷாம்பு பாக்கெட்டைப் பொறுக்கினார்.

மறுநாள் ஆனந்தவள்ளி பீமராவுக்குப் போன் செய்து, உங்கள் டிரைவர் பொய் சொல்லி ஊரை ஏமாற்றுகிறார் என்றார். பொய் சொன்ன பத்தொன்பது வருடத்தில் வராத புகார், உண்மை சொன்ன அன்றுதான் வந்தது. "வண்டிய ஓட்டு, வாய ஓட்டாத" என்றார் பீமராவ். காத்தான் வண்டி வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

ஆனாலும் மண்ணச்சநல்லூரைத் தாண்டியதும் அவர் பாட்டை நிறுத்துகிறார். போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நானும் அந்த வண்டியில் இருந்தேன்.

"அருவி இடுப்பு ஒசரம்தாங்க. மேல ஒரு குழி இருக்கு, கல்லு அரைச்ச குழி. பாதம்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க. கெளப்பிவிட்டதே நான்தான்."

பின் சீட்டில் இருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார்கள்.

வாசலில் பாலு, "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

"என்னோட பன்னெண்டு" என்று சொல்லித் தன் டிக்கெட்டைத் தானே எடுத்தார் காத்தான்.

குடும்பத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "அப்ப வண்டிய யாருப்பா பாத்துக்குறது?"

"பூட்டியிருக்குங்க."

காத்தான் வண்டித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். முந்தின வாரமும் யாரோ குழியில் குங்குமம் வைத்திருந்தார்களாம்.