வாசிக்காத கையெழுத்து

யுத்த காலத்தில் நான் ஒப்பந்தச் சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். விற்பனை ஒப்பந்தங்களைச் சனங்கள் ஏன் வாசிக்காமல் கையெழுத்திடுகிறார்கள்? வாசிக்கும் நேரத்துக்கு ஏற்ற பயன் இல்லை என்பது என் விடை. அதை நிரூபிக்கத்தான் வினாக்கொத்தோடு திருகோணமலைப் பக்கம் வீடு வீடாகத் திரிந்தேன்.

சல்லி என்ற கிராமத்தில் ஒரு பெண் எனக்குக் கதிரை போட்டுவிட்டு, தையல் மெசின் வாங்கிய ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். முழுக்க ஆங்கிலம். அடியில் அவருடைய கையெழுத்து.

"வாசிக்காமல் ஏன் அக்கா வைச்சனீங்கள்?"

"தெரியாத பாஷை, தம்பி. என்ர மனுசனை ஆமி பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கும் ஒரு தாளைத் தந்து கையெழுத்து வைக்கச் சொன்னவங்கள். அது சிங்களம். வைச்சனான். அதில என்ன எழுதியிருக்கும்? நீங்கள் சட்டம் படிச்சனீங்கள்தானே?"

வினாக்கொத்தில் அந்தத் தாளுக்கு இடமிருக்கவில்லை. கோழை நான், குனிந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"மெசினுக்கு உத்தரவாதம் எத்தினை வருசம், அக்கா?"

அவர் ஒப்பந்தத்தை மடித்தார்.

"ரெண்டு வருசம், தம்பி" என்றார், மரியாதையாக.

கோபமாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.