உத்தரக்கல்லை இறக்கிய சனிக்கிழமை

ஆரல்வாய்மொழி போகிற சாலையோரத்தில் ஒரு பழைய கல்மண்டபம். முன்தூண் சாய்ந்து, மேலே இருந்த உத்தரக்கல் நாலு விரற்கடை விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அதன் அடியில்தான் நிற்பார்கள். தொல்லியல் துறைக்கு நான் நாலு மனு கொடுத்தேன். நாலுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. கல்லுக்கு அதைப் படித்துக் காட்ட முடியுமா? அனுமதி இல்லாமலே ஐந்து பேர் வேலையில் இறங்கினோம். அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஆட்களைக் கூட்டியது, நாள் குறித்தது எல்லாம் நான்தான்.

பாரம் தூக்கத் தெரிந்தவன் எங்களில் ஒருவன் மட்டும். வளைகுடாவில் கிரேனுக்குக் கீழே நின்று கைச்சைகை காட்டுகிற வேலை அவனுக்கு. அடுத்த மாதம் புது கம்பெனியில் சேர வேண்டும். அதற்காக, வழக்கு எதுவும் இல்லை என்கிற போலீஸ் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்தான்.

"டீச்சர், சைகை ஒருத்தன்தான் காட்டணும். என்ன ஆனாலும் அவன்தான் பதில் சொல்லணும். எங்க சைட்டுல அதாக்கும் சட்டம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைப் போட்டு உத்தரத்தைத் தூக்கி, தூணை நிமிர்த்திவிட்டோம். கல்லைத் தூண்மேல் இறக்குவதுதான் பாக்கி. அப்போது ஜீப் வந்து நின்றது.

"யாரும் எதையும் தொடக் கூடாது. நிறுத்துங்க!" என்று கத்தியபடி துறை அதிகாரி இறங்கினார். நாலு மனுவுக்கு வராத ஜீப். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவாய்க் காற்றில் கல் மெல்ல ஆடியது.

"சார், லோடு தொங்கும்போ கை எடுக்கப்பிடாது. பத்து நிமிசம் தாங்க" என்றான் அவன்.

"இருந்த மாதிரியே வச்சுட்டுப் போங்க."

"இருந்த மாதிரி வச்சா உங்க தலையிலதான் விழும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

அவர் தள்ளி நின்றார். அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினான். சங்கிலி கடகடத்தது. கல் தூணின் தலையில் ஒருமுறை இடித்தது. அவன் கையை மூடினான். சங்கிலியை அப்படியே நிறுத்தினோம். காற்று அடங்கியதும் கை மறுபடி விரிந்தது. கல் உட்கார்ந்தது.

அதிகாரி தாளை எடுத்தார். "இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?"

சொல்ல வேண்டியவள் நான். பென்ஷன் நின்றுவிடும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"நாந்தான் சார். சைகை என்னோடதாக்கும்" என்றான். வழக்கு என்றால் சான்றிதழ் என்னவாகும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் பெயரையும் முகவரியையும் சொல்லி முடிக்கும்வரை நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சான்றிதழ் வரவில்லை. இப்போது நாகர்கோவிலில் ஆட்டோ ஓட்டுகிறான். எனக்குப் பள்ளியில் மாலை போட்டு விடைகொடுத்தார்கள். மண்டபத்தின் முன்னால் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

போன வாரம் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று கிட்டே போனேன்.

"ஏறுங்க டீச்சர். இவ்வளவு மழைக்கும் தூணு அசையல்ல, பாத்தியளா?" என்றான்.

வீடு வரைக்கும் கல்லைப் பற்றியே பேசினான். நானும் கல்லைப் பற்றியே பேசிவிட்டு இறங்கிக்கொண்டேன்.