செங்கல் சாக்லேட்

அந்த ஓவன் மாடியிலிருந்து விழுந்தபோது நான் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மூடியில் சின்னக் கண்ணாடி பதித்த, வட்டமான அலுமினிய ஓவன். முதலில் மூடி வந்தது, பிறகு அடிப்பாகம், அதன் பின்னால் வால் போல மின்கம்பி. கண்ணாடிச் சில்லுகள் என் காலடி வரைக்கும் தெறித்தன. நிமிர்ந்து பார்த்தேன். முதல் மாடி பால்கனியில் என் அம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, மேல்வீட்டு அக்கா.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. குவார்ட்டர்ஸில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், எதிர்வீடு மதுரை, பின்வீடு சேலம். அக்கா மட்டும் பக்கத்து ஊரான பாடியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கணவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரே பிரிவில் வேலை. 'இன்னா', 'கீது' என்று அவர் பேசுவதை மற்றப் பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். என் அம்மா மிக நன்றாகவே பேசிக் காட்டுவாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அது இன்னொரு பேச்சு.

கேன்டீன் பக்கத்துக் கடையில், பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய தேங்காய் சாக்லேட் ஒன்று விற்றார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒன்றை வாங்கி நாலு பேர் ஆளுக்கொரு கடி கடிப்போம். ஒருநாள் அக்கா எங்களிடமிருந்து ஒரு கடி வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "இதானா? நானே பண்ணித் தரேன் இரு" என்றார். இரண்டு மூன்று தடவை கெட்டுப்போன பிறகு அவருக்குக் கைவந்தது. அடியில் மொறுமொறுவென்று கோதுமை மாவு அடுக்கு, நடுவில் சுண்டக் காய்ச்சிய பாலில் பிசைந்த தேங்காய், மேலே பளபளவென்று கோகோ. நீளநீளமாக வெட்டி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தருவார். கடையில் விற்றதை விட இரண்டு மடங்கு பெரியது. பார்க்கச் செங்கல் போல இருந்ததால் நாங்கள் அதற்குச் செங்கல் சாக்லேட் என்று பெயர் வைத்தோம். பள்ளி விட்டு வந்ததும் அந்த மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்போம். வேண்டாம் என்று எந்த அம்மாவும் சொன்னதில்லை. தட்டில் மிஞ்சியதை என் அம்மாவே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. எங்கள் பிளாக்கில்தான் முதலில். என் தம்பிக்கு ஐந்து வயது. கண்கள் உள்ளே போய், நாக்கு வறண்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முந்தின நாள் எல்லோரும் எங்கே சாப்பிட்டோம் என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து மாடி ஏறினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்த அம்மா எல்லோருக்கும் முன்னால் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"நான்தாம்மா நிறைய தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று கத்தினேன். எனக்கும் ஓர் அறை விழுந்தது. யாரோ என்னைக் கீழே இழுத்துப் போய் விட்டார்கள். மேலே அம்மா சொன்னது குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டது.

"பெத்திருந்தாத்தானேடி உனக்குப் புள்ள அருமை தெரியும்!"

அதன் பிறகுதான் ஓவன் விழுந்தது.

சில நாட்களிலேயே அக்காவின் கணவர் வேலையை விட்டுவிட்டார். பாடிக்கே திரும்பிப் போக, அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஒரு வண்டியில் ஏறின. அவர் தலை நிமிரவே இல்லை. வண்டி கிளம்பும்போது பால்கனிகளிலெல்லாம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகும் வாந்தி நிற்கவில்லை. அந்தச் சாக்லேட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத கடைசி பிளாக் பிள்ளைகள் படுத்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் குடிதண்ணீர் வந்த தரைத்தொட்டியைத் திறந்தார்கள். பக்கத்துச் சாக்கடைக் குழாய் உடைந்து, தொட்டிக்குள் கசிந்துகொண்டிருந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தண்ணிதான் காரணம். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி ஊற்றினாள். "இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

"அதுவும் சரிதான். போய்ச் சொன்னா, ஓவனை ஏன் உடைச்சேன்னு கேப்பாங்க. போனது போச்சு, விடு" என்றார் அப்பா.

ஆவடிக்கும் பாடிக்கும் எத்தனை பேருந்துகள்! ஒரே ஒருவர் ஏறிப் போய், 'அது நீ கொடுத்ததால் இல்லையம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஒரு குவார்ட்டர்ஸ் முழுவதும் இருந்த படித்த, பக்தியுள்ள, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிய மனிதர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. அம்மாவின் அந்த அறையை நான் என்றோ மறந்திருப்பேன். ஊற்றிய அந்தக் குழம்பை என்னால் மறக்க முடியவில்லை.

படிப்பு முடிந்து அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடி மேம்பாலத்தடியில் பேருந்துக்கு நின்றிருந்தேன். ஒரு பெண் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். எனக்கு அப்படியே அம்மாவின் ஜாடை. அந்த முகத்தை வைத்துத்தான் அக்கா என்னைக் கண்டுபிடித்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"பாப்பா, தம்பி பொழச்சிகினானா? நல்லா கீறானா?"

அவன் கல்லூரியில் படிக்கிறான் என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர்தான் காரணம் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. நடுரோட்டில், லாரிச் சத்தத்துக்கு நடுவில், தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் அழவில்லை. பேருந்து வந்தது, ஏறவில்லை. "எல்லாருக்கும் தெரிமா?" என்றார்.

"தெரியும்க்கா."

"உங்கம்மாக்கு?"

"தெரியும்."

"ஒரு கொயந்த கைல ஒரு முட்டாயி குடுத்ததில்ல நானு, இத்தினி வருசமா. எங்க அண்ணன் பொண்ணுக்கு ஒரு வா சோறு ஊட்னது இல்ல. என் கைலதான் இன்னாவோ கீதுன்னு நெனச்சிகினு கீறேன்." பிறகு, என் அம்மாவில் தொடங்கி அந்தக் குவார்ட்டர்ஸ் மொத்தத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது அத்தனை குளிர்ச்சியாக இருந்தது.

அக்காவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அண்ணனூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கணவரோடு இருக்கிறார். நான் அவ்வப்போது போய்வருவேன். காட்டுப்பாக்கத்தில் நாங்கள் ஃப்ளாட் வாங்கி, நல்ல ஓவன் ஒன்றும் வாங்கியபோது, வந்து ஒருதரம் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டேன். "நான் கை வெக்க மாட்டேன். வாயால சொல்றேன், நீ பண்ணு" என்றார். முதல் தடவை தேங்காய் அடுக்கு சொதசொதவென்று வந்தது. போனில் கேட்டேன். "தேங்காப்பூவ வறுத்தியா? பச்சையா போட்டா தண்ணி உட்டுக்கும்" என்றார். அடுத்த தடவை சரியாக வந்தது. ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். அவர் கணவர் சாப்பிட்டார். அக்கா டப்பாவை மூடி என்னிடமே தந்துவிட்டார்.

போன ஞாயிறு அம்மா, தம்பி, அவன் மனைவி, மகள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். செங்கல் சாக்லேட் செய்திருந்தேன். அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். என் தம்பி எந்தச் சாக்லேட்டையும் தொடமாட்டான். அவன் மகள், "அப்பா மட்டும் ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க பாட்டி?" என்று கேட்டாள்.

"சின்ன வயசுல குவார்ட்டர்ஸ்ல ஒருத்தி இதே மாதிரி ஏதோ பண்ணிக் குடுத்து, உங்கப்பனைக் கொல்லப் பாத்தாடி" என்றாள் அம்மா, மென்றுகொண்டே.

முப்பது வருடம் கழித்தும் அதே பேச்சு. தட்டை மேஜைமேல் வைத்தேன். "அம்மா, அது தண்ணி. உனக்குத் தெரியும். அப்பா சொன்னப்ப நீ குழம்பு ஊத்திக்கிட்டிருந்த."

தம்பி நிமிர்ந்தான். "என்ன தண்ணி?"

சொன்னேன். எல்லாவற்றையும், அந்த அறையை, ஓவனை, பாடியில் அக்கா அவனைப் பற்றிக் கேட்ட கேள்வியை. அவன் அம்மாவைப் பார்த்தான். "எனக்கு ஏம்மா யாரும் சொல்லல?"

"எம்புள்ள செத்துப்போயிடுமோன்னு பயந்து கிடந்தேன்டா" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் இப்ப எதுக்குடி, பசங்க முன்னாடி?"

"பசங்க முன்னாடிதாம்மா நீ அவங்கள அடிச்ச."

எனக்கும் பிள்ளை இருக்கிறது. அன்றைக்கு அம்மாவுக்கு இருந்த பயம் எனக்குப் புரியும். அந்தப் பயத்தில் அவள் செய்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். உண்மை தெரிந்த பிறகு நிம்மதியாகத் தூங்கினாளே, அதற்குத்தான் என்னிடம் மன்னிப்பு இல்லை.

"இப்ப என்ன, அவ கால்ல போய் விழணுமா நான்?"

"விழ வேண்டாம். ஒருதரம் வந்து சொல்லு, போதும்."

"மாட்டேன்" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். தம்பி அவளைக் காரில் அழைத்துப்போனான். கிளம்பும்போது, அடுத்த தடவை அண்ணனூர் போகும்போது தன்னையும் கூப்பிடச் சொன்னான்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எப்படியாவது அம்மாவை அழைத்துவருகிறேன் என்றேன்.

"தம்பிய கூட்டியா. உங்கம்மா வர வாணாம் பாப்பா" என்றார். "வந்து தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, நானு உட்டுடணும். உடறதுக்கு எனக்கு மனசு இல்ல."

"எனக்கும் இல்லக்கா" என்றேன்.