போகியன்று வந்த விமானம்

அப்போது நீங்கள் சிறு பிள்ளைகள். பாதி மறந்திருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

குடவாசலுக்குக் கிழக்கே இருக்கும் நம் ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. அந்த வருஷத் தாளடி நெல்லுக்குத் தென்கரைக்காரர்களான நாங்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டோம். அதாவது, பாய்ச்சிய தண்ணீர் வற்றி மண்ணில் லேசாக வெடிப்பு கண்ட பிறகுதான் மறுபடி மடையைத் திறப்போம். வடகரையில் வழக்கம்போலத் தண்ணீரைக் கட்டி வைத்திருந்தார்கள். பயிரைப் பட்டினி போடுகிறோம் என்று எங்களைக் கேலி செய்தார்கள்.

தென்கரைக்காரர்களைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவன் நான். தண்ணீர் கட்டி நிற்கும் வயலிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. அது பூமியைச் சூடாக்குகிறது; இடையிடையே வயலைக் காயவிட்டால் குறையும் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே வாயு எடுக்க யாரோ வயலில் குழாய் இறக்க வருகிறார்கள் என்று ஊரே மிரண்டது. ஆராய்ச்சிக்கு வந்த விஞ்ஞானி அம்மாதான், மண்ணைத் தோண்ட வரவில்லை, காற்றை அளக்கத்தான் வந்திருக்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தார்.

அளப்பது இரண்டு விதம். செயற்கைக்கோள் உயரத்திலிருந்து பார்த்து, இங்கே இவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லும். அது கொதிக்கும் உலையை எட்டிப் பார்ப்பது மாதிரி. சோறு வெந்ததா என்று தெரிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்க வேண்டாமா? அதற்குத்தான் விமானம். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் போகும் அதே நேரத்தில் விமானம் காற்றுக்குள் புகுந்து அளக்கும். இரண்டும் ஒத்துப்போனால் மேலிருந்து பார்ப்பதை நம்பலாம். இரண்டு கரைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

செயற்கைக்கோள் நமக்காகத் தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. அதனால் முன்கூட்டியே நாள் குறித்தார்கள். புகையிலும் அந்த வாயு உண்டு, அன்றைக்கு எதையும் கொளுத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஊரே தலையாட்டியது. இங்கிலீஷ் தேதியைக் கேட்டுத்தான் ஆட்டினோம். அது மார்கழியின் கடைசி நாள், போகி என்று யாருக்கும் தோன்றவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் கிழிந்த பாயும் பழைய முறமும் வாசலுக்கு வந்தபோதுதான் உறைத்தது. விஞ்ஞானி அம்மாவுக்குப் போன் செய்தேன். விமானத்துக்கு அந்த ஒரு நாள்தான் அனுமதி, மறுநாள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்றார். விடியலில் கொளுத்தும் புகையைப் பனிமூட்டம் மத்தியானம் வரைக்கும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்து ஊரும் கொளுத்தக் கூடாதாம். அளவு கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு என் கரைக்காரர்களிடம் போய்ப் பேசுவது?

வீடு வீடாக ஏறி இறங்கினேன். வடகரைப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "பழசைக் கழிக்க பிளேன்காரன்கிட்ட பர்மிஷனா? சரி, அது போனப்புறம் கொளுத்திக்கறோம். பாய் எங்க ஓடிடப் போவுது?"

நம் ஊர் சம்மதித்தது. வடகிழக்கே இருப்பது உங்கள் அம்மா பிறந்த ஊர். அந்த ஊர் மாப்பிள்ளையாக இருந்துகொண்டு, உங்கள் போகியை நிறுத்துங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? தயங்கி நின்ற என் கையிலிருந்து போனை வாங்கி, உங்கள் பெரிய மாமாவை அம்மாவே கூப்பிட்டாள். பொங்கல் சீர் கொண்டுவர அவர் மறுநாள் வருவதாக இருந்தது.

"அண்ணே, இந்த வருஷம் எனக்குக் கரும்பும் வேண்டாம், புடவையும் வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நம்ம ஊர்ல புகை கிளம்பக் கூடாது. அதான் எனக்குச் சீர்."

மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "புடவைன்னா கடையில வாங்கிடலாம். இதுக்கு ஊர் பூரா அலையணுமே. மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தாரா?"

"அவருக்கு இதெல்லாம் எங்க தோணும்."

விடியற்காலையில் வரப்பில் நின்று வடகிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி மட்டும்தான் இருந்தது. பிறகு அந்த ஊர்ப் பக்கம் ஒரு கரும்புகை எழுந்தது. சிறிது நேரத்தில் அது அறுந்து மறைந்தது. யாரோ பொறுக்க மாட்டாமல் கொளுத்திவிட, மாமா ஈரச் சாக்கைப் போட்டு மிதித்து அணைத்தார் என்று பிறகு தெரிந்தது.

பனி விலகி வெயில் ஏறிய பின் விமானம் வந்தது. வாய்க்காலின் இரு கரைக்கும் மேலே தாழப் பறந்து போய்ப் போய்த் திரும்பியது. அப்புறம் பருந்து மாதிரி வட்டமிட்டு மேலேறியது. செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஊரே அண்ணாந்து பார்த்தது.

சாயங்காலம் மாமா வெறுங்கையோடு, தலை நிமிர்ந்து வந்தார். "சீரைக் காத்துல அனுப்பிட்டேனே, வந்து சேந்துச்சா?" என்றார். அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி பார்த்ததில்லை.

கணக்கு வர மாதங்கள் ஆயின. விமானம் அளந்ததும் மேலிருந்து பார்த்ததும் ஒத்துப்போயின. எங்கள் கரையிலிருந்து வாயு குறைவாகவே கிளம்பியிருந்தது. விஞ்ஞானி அம்மா வந்து சொன்னபோது வடகரைப் பெரியவரும் உட்கார்ந்து கேட்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"பாதி வயல்ல மட்டும் செஞ்சு பாக்கறேன். மீதி என் இஷ்டம்."

பாதி போதும் என்றேன்.