இடப்பக்கம் மட்டும் விட்டுத் தைத்தவர்

தையல்காரர் இந்த மாதம் தாண்டமாட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. இடது கிட்னியில் கட்டியாம், பூசணிக்காய் அளவாம், டாக்டரே கையை விரித்துவிட்டாராம். விசாரித்துப் பார்த்ததில் பாதிக்குப் பாதிதான் தேறியது. கட்டி இருந்தது. பூசணிக்காய் இல்லை, தேங்காய். டாக்டர் கையை விரித்ததும் நிஜம்தான், கட்டியின் அகலத்தைக் காட்டுவதற்காக.

இதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர் தையல்காரரேதான். தெருவில் யாருக்கு இடுப்பு ஏறியது என்பதை அவரவர் மனைவிக்கு முன்பே அறிந்தவர், தன் இடுப்பில் கோட்டை விட்டார். சட்டை இடப்பக்கம் இறுகும்போதெல்லாம் துணி சுருங்கிவிட்டதென்று மில்காரனைத் திட்டுவார். பிறகு அந்தப் பக்கத் தையலை மட்டும் பிரித்து, கொஞ்சம் விட்டுத் தைத்துக்கொள்வார். வருஷக்கணக்காக இதே கதை. வேலை அத்தனை சுத்தம், வயிற்றின் கோணல் வெளியே தெரியவே இல்லை. வேறு யாராவது தைத்திருந்தால் நோய் எப்போதோ பிடிபட்டிருக்கும்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “ஏங்க, உங்க சட்டை எல்லாம் ஒரே பக்கமா சாயுதே. ஒண்ணு உடம்பு ரிப்பேர், இல்ல மிஷின் ரிப்பேர். எதையாவது காட்டுங்க.”

அவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டார். விலாவில் வலி கண்டு, சிறுநீர் சிவந்த பிறகுதான் ஸ்கேன்.

துணைக்கு வந்தவர் மனைவியின் அண்ணன், எதிர்வரிசையில் கர்ட்டன் கடை வைத்திருப்பவர். டாக்டர் “கிட்னியில பெரிய கட்டி” என்றதுமே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். துக்கத்தில் முந்திக்கொள்கிற ஆள். மிச்சத்தைக் கேட்கப் புருஷனும் பெண்டாட்டியும்தான் உள்ளே இருந்தார்கள்.

“கேன்சர் இல்ல. கட்டிக்குள்ள கொழுப்பு இருக்கிறது ஸ்கேன்ல நல்லாத் தெரியுது. ஆனா இவ்வளவு பெருசாயிட்டா உள்ள இருக்கிற ரத்தக்குழாய் வெடிக்கலாம். இப்பவே கசிஞ்சிருக்கு.”

“கிட்னியை எடுத்துடுவீங்களா சார்?”

“அதைக் காப்பாத்தத்தான் பாக்கிறோம். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைச்சிடுவோம். மெதுவா சுருங்கும். அதுக்கும் அடங்கலன்னா ஆபரேஷன்.”

“சுருங்கும்னா...”

“உங்க துணி மாதிரி இல்ல, நிஜமாவே சுருங்குமாம்” என்றாள் மனைவி.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாடிக்கையாளர்கள் கண்ணைத் துடைத்தபடி வந்து, வெட்டாத துணிகளைத் திருப்பி வாங்கிப்போனார்கள். மச்சான், ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

கட்டி சுருங்கத் தொடங்கியது, கிட்னியும் தப்பியது. ஆனால் அலமாரி காலி. தெருவுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். செலவழித்த கண்ணீரை யாரிடம் கேட்பது? மச்சான்கூட, “என்ன மாப்ள, நல்லாத்தான் இருக்கீங்க போல” என்றார், குற்றம் கண்டுபிடித்த குரலில்.

“இருக்கேன் மச்சான். கத்தரிக்கோலு?”

“எங்க போயிடப்போகுது? அடுத்த ஸ்கேன் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத் தரேனே.”

துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, வெட்டத்தான் வழியில்லை. அவருடைய சட்டைகளும் இப்போது இடப்பக்கம் தொளதொளக்கின்றன. விட்டதையெல்லாம் வெட்டிப் பிடித்தாக வேண்டும். கத்தரிக்கோல் இன்னும் எதிர்க்கடையில் கர்ட்டன் வெட்டிக்கொண்டிருக்கிறது.