ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தனி ஆளாகப் புத்தகம் வடிவமைத்துப் பதிப்பித்துக்கொண்டிருந்தேன். அச்சகத்து வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியதற்காக வீட்டில் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கும் வாய் சும்மா இருக்காது. வாடிக்கையாளர்கள் என்னிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்கள்.

அப்போது தோ பாயோ வட்டாரத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவி நோயில் படுத்திருந்த காலத்தில், அந்த அம்மா கட்டிலில் இருந்தபடியே பக்குவம் சொல்லச் சொல்ல இவர் சமைத்திருக்கிறார். மறந்துவிடக் கூடாதே என்று, அந்த அம்மா சொன்னதையெல்லாம் சொன்னபடியே நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஒரே மகளுக்குக் கல்யாணம். அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கி மகளுக்குத் தரவேண்டும், வந்தவர்களுக்கும் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யவே எனக்கு மாதக் கணக்கில் ஆனது. என் கம்ப்யூட்டரில் எதையும் உள்ளே சேமித்து வைக்க முடியாது. எல்லாம் ஃப்ளாப்பியில்தான். கறுப்பு உறைக்குள் மெல்லிய வட்டத்தகடு இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படிப்பதற்காக உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். என் அறையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, முடித்த புத்தகம் இருந்த ஃப்ளாப்பியை இன்னொன்றில் பிரதி எடுத்து, இரண்டையும் அண்ணனிடமே கொடுத்தேன். ஒன்றை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொன்றை மறுநாள் லேசர் பிரிண்ட் எடுக்கும் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் மனிதர் கடைக்குப் போகாமல் நேரே என் அறைக்கு வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி. கையில் வாழையிலைப் பொட்டலம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பொட்டலத்தைப் பிரித்தார். உதிரிப்பூவுக்கு நடுவே என் ஃப்ளாப்பிகள் இரண்டும் இருந்தன. புதுக் கணக்கு, புது வண்டி எதுவானாலும் சாமி காலடியில் வைத்து எடுப்பதுதானே நம் வழக்கம்! ஒன்றுக்கு மட்டும் பூசை செய்தால் நன்றாயிருக்காது என்று இரண்டையும் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தீர்த்தம் தெளித்து, சந்தனம் குழைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தார்கள்.

“பொட்டு வைக்கன்னே நடுவுல இடம் விட்டிருக்காங்க பாத்தீங்களா தங்கச்சி? குருக்கள் பதமா அதுலயே வச்சாரு.”

 அந்தத் திறப்பில் விரல் பட்டாலே ஆகாது, இங்கே சந்தனம் காய்ந்து தகட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். அதற்குள் என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. பூவை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தார்.

“நானே கெடுத்துட்டேனா?” என்று மெல்லக் கேட்டார்.

 கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மறுபடி முதலிலிருந்து அடித்தால் மகள் மாமியார் வீடு போன பிறகுதான் புத்தகம் வரும். அவரை அழைத்துக்கொண்டு, ரோச்சோர் பக்கம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு சீனர் கடைக்கு ஓடினேன். முன்பின் பழக்கமில்லாத கடை. குங்குமமும் சந்தனமுமாக ஃப்ளாப்பிகளை மேசைமேல் வைத்தபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆங்கிலமும் மலாயுமாக விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எந்தச் சாமி என்று கேட்டார். அம்மன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டார். ஒவ்வொன்றின் உறை ஓரத்தையும் கத்தரியால் நறுக்கி, உள்ளேயிருந்த தகட்டை மட்டும் உருவி, குழாய்த் தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலசினார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அத்தனை பதமாகச் செய்தார். மெல்லிய துணியால் ஒற்றி, மின்விசிறியில் உலரவிட்டு, புது ஃப்ளாப்பி ஒன்றின் உறைக்குள் அதைச் செருகினார்.

முதலாவது ஃப்ளாப்பி பிழைக்கவில்லை. தகட்டில் கீறல் விழுந்திருந்தது. இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் போட்டபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இயந்திரம் கரகரவென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. திரை நிறையப் புள்ளியும் கோடும் கிறுக்கலுமாக வந்தன. அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது, அதனால் நம் எழுத்து அப்படித்தான் தெரியும், புத்தகம் முழுசாக இருக்கிறது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்காரர் அதைப் புது ஃப்ளாப்பி ஒன்றில் பிரதி எடுத்துத் தந்தார். நாங்கள் கிளம்பும்போது, வெட்டிப்போட்ட பழைய உறைகளை நான் குப்பைக்கூடையில் போடப் போனேன். அவர் என் கையைத் தடுத்து, அவற்றைத் துடைக்காமல் அப்படியே வெள்ளைத் தாளில் மடித்து, இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார்.

“இது சாமிக்கு வச்சது லா. இங்க போடக் கூடாது” என்றார் மலாயில்.

புத்தகம் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. கல்யாணத்தன்று அந்தச் சீனரும் மனைவியோடு வந்து, இலையில் உட்கார்ந்து, கையால் சாப்பிட்டார். மணப்பெண் மாலையும் கழுத்துமாக நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினாள். ரசம் வைக்கும் பக்கத்தில் கை நின்றுவிட்டது. “அம்மா பேசுற மாதிரியே இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு, அலங்காரம் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாற்றிவிட்டேன். இப்போதும் யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்துவிட்டு என் முன்னால் வந்து நின்றால் கோபம் முட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் பாஷையும் சாமியும் வேறான ஒரு மனிதர் முதலில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாரே, அதை நினைத்தால் திட்ட வாய் வருவதில்லை.