ஊசியை நிறுத்தச் சொன்னவர்கள் நடுவில்

இந்தச் சாட்சி உங்களில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டாம். கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

போன வருஷம் ஓணக் கூட்டம் ஓய்ந்த வாரம். சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கத்தரி விழுந்தது. சத்தம் கேட்டுத்தான் விழுந்ததே தெரிந்தது. ரெண்டு நாளில் இடது கால் மரத்தது. கரமனை பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஸ்டீபன் தூக்கி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோயாம். வாரம் மூன்று ஊசி.

ஆறுதல் தேடி இந்த ஜெபக்குழுவில் சொன்னேன். குழுவை நடத்தும் அண்ணன் கேட்டார்: "உன் சரீரமே உன்னை எதிர்க்குதுன்னா, எந்தப் பாவத்த மறைக்கிற? ஊசிய நம்புறியா, ஆண்டவர நம்புறியா?" அவர் தன் சர்க்கரை மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. நான் ஊசியை நிறுத்தினேன். அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான்.

மூன்றாம் மாசம் வலது கண் இருண்டது. ரெண்டு காலும் விழுந்தன. நீங்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, என் மகள் முன்னாலேயே, அறிக்கை செய் என்றீர்கள். வெளியே போங்கள் என்று கத்தினேன். ஸ்டீபன் கதவைச் சாத்தினார்.

அப்புறம் ஆண்டவரிடமே சண்டைக்குப் போனேன். முழங்கால் மடியவில்லை, படுத்தபடிதான். "உமக்கும் என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லும். இல்லன்னா, என்ன பாவம் செஞ்சேன்னு கேக்காத ஒரு ஆளையாவது அனுப்பும்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டீபன் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அங்கே ஒரு மலையாளிப் பெண் டாக்டர். ஊசியை நிறுத்தியதை ஸ்டீபன் தலைகுனிந்து சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சேச்சி, இது நீங்க செஞ்ச எதனாலயும் வந்த நோய் இல்ல. மனசுல வச்சுக்கோங்க, கேட்டோ?"

அதைப் பற்றி நான் அவரிடம் எதுவுமே கேட்டிருக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

அவரே விளக்கினார்: "மூளைக்குள்ள காவலுக்குன்னு செல்கள் உண்டு, மைக்ரோக்ளியான்னு பேரு. குப்பைய அள்ளும், காயம் ஆற உதவும். ரத்தத்துலேர்ந்து எதிர்ப்புச் செல் தப்பா உள்ள வந்து நரம்பக் கடிக்கும்போது, இதுங்களும் கொதிச்சு அழற்சியக் கூட்டிடும். அடங்கினா திரும்பவும் நல்லது செய்யும். வெளியேர்ந்து வர்றத முதல்ல தடுக்கணும். அதுக்குத்தான் மருந்து."

அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப். நாலாம் நாள் மகளின் ரிப்பன் சிவப்பு என்று தெரிந்தது, மங்கலாக. இப்போது ஆறு மாசத்துக்கு ஒருமுறை வேறு மருந்து ஏற்றுகிறார்கள். கைத்தடியோடு நடக்கிறேன். விரல்நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. முழுக் குணம் என்று பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் என் ஜெபத்தைக் கேட்டார். அன்றிலிருந்து அவரிடம் எதையும் பூசி மெழுகிப் பேசுவதில்லை. கோபமோ நன்றியோ, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீங்களும் அப்படியே பேசுங்கள், அவர் தாங்குவார்.

இன்று நான் எழுந்தது ஒரே ஒருவருக்காக. வலிப்பு மாத்திரையைப் போன மாசம் நிறுத்திய அக்கா இங்கே இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். அக்கா, யாருக்கும் பயப்படாதீங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டப் போவோம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.